பதினான்கு பக்கத்தில் ஒன்பது

போன வாரம் சொந்தக்காரப் பெண் ஒருத்தி போன் செய்தாள். விழுப்புரத்தில் சட்டம் படிக்கிறாள், மூன்றாம் வருடம். "அக்கா, கமர்ஷியல் லா பக்கம் போனா என்னென்ன வேலை கிடைக்கும்? நீங்க அதுலதானே இருக்கீங்க?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. "கேக்கறதுக்கு வேற ஆளே கிடைக்கலியாடி உனக்கு?" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் நானே திரும்பக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினேன். பேங்க்கில் சட்ட அதிகாரியாகலாம், கம்பெனிகளின் சட்டப் பிரிவில் சேரலாம், ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கலாம், வரி வழக்கு நடத்தலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் பொய்யில்லை. என் கதையை மட்டும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

நான் இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தங்களைப் படித்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை வேறு எதையும் பார்ப்பதில்லை. யாரோ யாருக்கோ எழுதிய ஷரத்துகளில் எங்கே என்ன ஆபத்து இருக்கிறது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். ஒரு வரி விடமாட்டேன். அடிக்குறிப்பு, பின்னிணைப்பு, பொடி எழுத்து எல்லாவற்றையும் இரண்டு தடவை படிப்பேன். "உங்க கண்ணுல இருந்து எதுவும் தப்பாது" என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் பாராட்டினார். நான் சிரித்து வைத்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வல்லத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பாவுக்குச் சொந்த நிலம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அதோடு கேப்பையும் போடுவார். விடிகாலை பஸ் பிடித்து, செஞ்சியில் மாறி, விழுப்புரம் கல்லூரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் வகுப்பு பாதி ஓடியிருக்கும். ஐந்து வருடம் கம்பியைப் பிடித்து நின்றபடியே படித்தேன். கூடப் படித்தவர்களுக்குக் கொலை வழக்கு, ஜாமீன், குறுக்கு விசாரணை என்றால்தான் கண் விரியும். எனக்கு ஒப்பந்தச் சட்டம்தான் பிடித்தது. ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் சரி என்கிறார், அந்தச் சரிக்குப் பின்னால் அரசாங்கமே வந்து நிற்கிறது. இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எங்கள் ஊரில் வாங்க வருகிறவன் வயலில் நிற்கும்போது ஒரு விலை சொல்வான், மூட்டை தைத்த பிறகு வேறு விலை சொல்வான். எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் இந்தப் பித்தலாட்டம் ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன். நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

நான்காம் வருடத்தில் சென்னையிலிருந்து ஒரு பெண் வழக்கறிஞர் எங்களுக்குச் சிறப்பு வகுப்பு எடுக்க வந்தார். பெரிய கம்பெனிகள் ஒன்றை ஒன்று வாங்கும்போது ஒப்பந்தம் எழுதுகிறவராம். கோர்ட்டுக்கே போவதில்லை என்றார். வழக்கே வராதபடி எழுதுவதுதான் எங்கள் தொழில் என்றார். அந்த வார்த்தையில் நான் கிறுகிறுத்துப் போனேன். அவர் சொன்ன வேலைகளை எல்லாம் நோட்டில் எழுதி, அன்று ராத்திரியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குப் பாதி புரியவில்லை. "அப்ப நீ கோர்ட்ல கத்த வேண்டியதில்ல, எழுதிக் குடுத்தாப் போதும், அதானே?" என்றார். அதேதான் என்றேன். அந்த வருடம் தேர்வில் நடுவர் முறையைப் பற்றி ஒரு பெரிய கேள்வி வந்தது. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல், இருவரும் முன்பே ஒத்துக்கொண்ட ஒரு நடுவரிடம் போய்த் தீர்த்துக்கொள்கிற ஏற்பாடு அது. கூடுதல் தாள் இரண்டு வாங்கி எழுதினேன். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல்.

படித்து முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, கறுப்புக் கோட்டும் தைத்தாயிற்று. சென்னையில் மூன்று இடத்துக்கு இன்டர்வியூ போனேன். மூன்று இடத்திலும் இங்கிலீஷில் நான் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை. கடைசியில் திண்டிவனத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். அவர் வாய்க்கு ஊரே பயப்படும். "கம்பெனி சட்டமா? திண்டிவனத்துல எனக்குத் தெரிஞ்சி கம்பெனின்னா பஸ் கம்பெனிதாம்மா. போய் அந்தப் பாகப்பிரிவினை கேஸ் கட்டை எடுத்துக்கினு வா" என்பார். வாய்தா வாங்குவதும், நகல் மனு போடுவதும், அண்ணன் தம்பி வரப்புச் சண்டைக்கு வரைபடம் போடுவதுமாக நாள் போனது. வீட்டுக்குப் போனால் அப்பா, "கம்பெனி கேஸு எதுனா வந்துச்சா?" என்று கேட்பார். வரும் வரும் என்று எரிந்து விழுவேன்.

வந்தது. எங்கள் ஊருக்கே வந்தது.

ஊரில் பத்தொன்பது விவசாயிகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அப்பாதான் தலைவர். வடக்கே எங்கேயோ தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு கம்பெனி, விதை கொடுத்து, விளைகிற மல்லாட்டை முழுவதையும் முன்பே பேசிய விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. குழு சார்பில் அப்பா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். மற்றவர்கள் தயங்கினார்கள். அப்பா தயங்கவில்லை. "எம் பொண்ணு இதுக்குன்னே அஞ்சு வருஷம் படிச்சிருக்குது. அது பாத்துச் சொல்லட்டும். அப்பறம் போடறேன்" என்றார். ஊரே சரி என்றது.

முன்கூட்டியே நகல் அனுப்பச் சொல்லியிருக்கலாம். அந்தச் சின்ன விஷயம்கூட எனக்குத் தோன்றவில்லை. கம்பெனி ஆள் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவதாக ஏற்பாடு. வழியில் டயர் பஞ்சர். வந்து சேரும்போது பத்தாகப் போகிறது. பால் சொசைட்டி கட்டடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். வெற்றிலை பாக்கு, பழம், கம்பெனி ஆளுக்கு ஒரு துண்டு எல்லாம் தட்டில் தயார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் கையெழுத்து விழுந்தாக வேண்டும்.

நான் ஒவ்வொரு பக்கமாகப் படித்து, தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். நன்றாகத்தான் சொன்னேன். விதைக்கு யார் பொறுப்பு, மூட்டைக்கு என்ன எடை, வண்டி வாடகை யாருடையது என்று எல்லாம் விளக்கினேன். எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள். எனக்கு அப்படி ஒரு பெருமை. ஒன்பதாம் பக்கம் முடிந்தபோது அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"ஜல்தி முடிம்மா. ராவுகாலம் வந்துரும்."

பத்தாம் பக்கத்தைத் திருப்பினேன். தகராறு தீர்க்கும் முறை, நடுவர் என்று தலைப்பு இருந்தது. அட, இது நம்ம பாடமாச்சே என்று நினைத்தேன். உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று படிக்காமலே எனக்குத் தெரியுமாம்! தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கினவள் அல்லவா! மிச்ச ஐந்து பக்கத்தையும் விரலால் தள்ளிவிட்டு, "மீதியெல்லாம் எல்லா ஒப்பந்தத்துலயும் வழக்கமா இருக்கறதுதான். பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். சத்தமாக, தைரியமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அப்பா கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் பக்கத்தில் நிலப் பத்திரமோ பாகப் பத்திரமோ எதுவானாலும் கடைசியில் எழுதியவர் கையெழுத்தும், வாசித்துக் காட்டியதாக ஒரு வரியும் இருந்தால்தான் அது பத்திரம். இல்லாவிட்டால் ஏதோ குறைவது போல இருக்கும். அப்பாவுக்கு அந்தக் குறை பட்டுவிட்டது. "நீ வாசிச்சிக் காட்டினேன்னு எழுதி, உன் முத்திரையப் போடும்மா" என்றார். கம்பெனி ஆள், "அதெல்லாம் தேவையில்லிங்க சார்" என்றே சொன்னான். "இருக்கட்டும் சார். எங்களுக்கு ஒரு பலம்" என்று அப்பா சிரித்தார். புது முத்திரை, விழுப்புரத்தில் செய்யக் கொடுத்து வாங்கி அதிக நாள் ஆகவில்லை. பையிலேயே வைத்திருந்தேன். "மேற்கண்ட ஷரத்துகள் யாவும் முழுமையாக வாசித்துக் காட்டி விளக்கப்பட்டன" என்று அழகான கையெழுத்தில் எழுதி, பெயர், படிப்பு, பதிவு எண் எல்லாம் தெரியும்படி முத்திரையை அழுத்திக் குத்தினேன். பத்தரைக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது. எல்லாருக்கும் திருப்தி.

அறுவடை நன்றாகவே வந்தது. முதல் லாரி போனது. பருப்பின் அளவு சரியில்லை என்று அதை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். மீதி மூட்டைகளை எடுக்க வரவே இல்லை. போன் செய்தால் இன்னொருவரிடம் பேசச் சொன்னார்கள், அந்த இன்னொருவர் எடுப்பதில்லை. இதற்கிடையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. நனைந்த மல்லாட்டையை அனந்தபுரம் வியாபாரிகள் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எழுத்துல இருக்குதே, நம்ம பொண்ணு கேஸு போட்டு வாங்கிக் குடுத்துரும்" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சு என் காதில் விழுந்த ராத்திரிதான் பத்தாம் பக்கத்தை முதன்முறையாகப் படித்தேன். எந்தத் தகராறும் மும்பையில், கம்பெனி நியமிக்கிற நடுவர் முன்னால் மட்டுமே தீர்த்துக்கொள்ளப்படும் என்று இருந்தது. எளிமையான இங்கிலீஷ். மூன்றே வரி. யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை. அடிப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மும்பைக்குப் போய் வக்கீல் வைத்து வழக்கு நடத்த எங்கள் ஊரில் யாரால் முடியும்? பாதிப் பேர் சென்னையே பார்த்ததில்லை.

சீனியரிடம் போய்ச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எதற்கும் திண்டிவனத்திலேயே வழக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றார். போட்டோம். கம்பெனி தரப்பில் ஒரு வக்கீல் வந்து, மும்பை நடுவரிடம்தான் போக வேண்டும் என்று மனுப் போட்டார். கூடவே ஒப்பந்தத்தின் நகலையும் சேர்த்திருந்தார். கடைசிப் பக்கத்தில் என் முத்திரை இருந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தார்கள்.

சீனியர் அதை என் பக்கம் திருப்பி வைத்தார். "நமக்கு ஒரே ஒரு வழிதாம்மா இருக்குது. இங்கிலீஷ் தெரியாத விவசாயி, என்னா எழுதியிருக்குதுன்னு தெரியாம போட்டுட்டேன்னு உங்கப்பா அஃபிடவிட் குடுக்கணும். நிக்குமா நிக்காதான்னு எனக்கே தெரியாது. ஆனா அது ஒண்ணுதான் இருக்குது. அதுக்கும் நீயே ஆப்பு வெச்சிருக்கியே" என்றார். முத்திரை வெறும் சம்பிரதாயத்துக்குப் போட்டது, மகள் ஒன்பது பக்கத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டாள், மும்பை என்ற பேச்சே வரவில்லை என்று அப்பா சொல்ல வேண்டும். அதாவது உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த அஃபிடவிட்டைத் தமிழில் சீனியர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். என் பெயரை நானே அடித்தேன்.

அந்த வாரம்தான் சென்னை நிறுவனத்திலிருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்திருந்தது. ஒப்பந்தம் படிக்கிற வேலை. எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டதில் ஒன்று பலித்திருந்தது. அப்பா அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தார். மல்லாட்டை போன துக்கத்திலும் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது அதனால்தான்.

அப்பா திண்டிவனம் ஆபீசுக்கு வந்தார். அஃபிடவிட்டை நான் நீட்டினேன். அவர் தமிழை நிதானமாகத்தான் படிப்பார். உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்துப் பேனாவை எடுத்தார். அப்புறம் சீனியரைக் கேட்காமல் என்னைக் கேட்டார்.

"இதுல போட்டா உனக்கு ஒண்ணும் ஆவாதே?"

ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பத்தொன்பது குடும்பத்துக்காக அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்க வேண்டும். பத்தாம் பக்கத்தைப் படிக்க நேரமில்லாதவளுக்கு அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு நேர்மை.

"படிக்காம படிச்சேன்னு முத்திரை போட்டதா ஆயிடும்பா. கம்பெனிக்காரங்க புகார் குடுத்தா என்னை விசாரிப்பாங்க. வக்கீல் சன்னதே போனாலும் போவும். சென்னை வேலையும்..." என்றேன். மேலே சொல்ல வேண்டியதாக இல்லை.

அப்பா பேனாவை மூடி மேசையில் வைத்தார். "வேணாங்க. பொண்ணு வாழ வேண்டிய பொண்ணு" என்று சீனியரிடம் சொன்னார். சீனியர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது பேசுவேன் என்று காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் தாம் தூம் என்று குதிக்கிறவள் நான். அன்றைக்கு என் வாய் எங்கே போயிற்று? போடுப்பா, என் தலையெழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? காகிதங்களை அடுக்கிக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

விசாரணை நாளன்று குழுவிலிருந்து நாலு பேர் அப்பாவோடு வந்திருந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டி, கோர்ட் ஹாலின் கடைசியில் சுவரோரம் நின்றார்கள். பால் சொசைட்டியில் அன்று எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். சீனியர் தன்னால் முடிந்தவரை வாதாடினார். ஏழை விவசாயிகள், மொழி தெரியாதவர்கள், மும்பை எங்கே, இவர்கள் எங்கே என்றார். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"வாசிச்சிக் காட்டினதா ஒரு வக்கீலே சர்டிஃபை பண்ணியிருக்காங்களே. அதைப் பத்தி உங்க தரப்புல அஃபிடவிட் ஒண்ணும் காணோமே?"

சீனியர் பதில் சொல்வதற்குள் நீதிபதி அப்பாவை நேராகக் கூப்பிட்டார். "பெரியவரே, இதைப் படிச்சுக் காட்டினாங்களா, இல்லியா? பயப்படாம சொல்லுங்க."

அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் சீனியருக்குப் பின்னால், கோட்டும் கவுனுமாக, கையில் கட்டோடு நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"படிச்சிக் காட்னாங்கய்யா. எங்க வக்கீலம்மாதான். கடைசிப் பக்கம் வரைக்கும், எழுத்து எழுத்தா, வெளக்கிச் சொன்னாங்க. நாங்கதான் புத்தி கெட்டுப் போயி போட்டுட்டோம்."

அவ்வளவுதான். மும்பைக்குத்தான் போக வேண்டும் என்று உத்தரவானது. சுவரோரம் நின்ற நாலு பேரையும் பார்த்தேன். நடந்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். நான் எந்தப் பக்கத்தோடு நிறுத்தினேன் என்பதும், மீதியெல்லாம் வழக்கமானது என்று சொன்னதும் தெரியும். அதில் ஒருவர் வாயைத் திறக்கப் போனார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். வெளியே வந்ததும் யாரும் அப்பாவிடம் பேசவில்லை. என்னிடம் மட்டும், "போயிட்டு வர்றோம்மா" என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

அன்று நானும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது, சென்னைக்குக் கிளம்பத் துணிமணி எடுத்துவர. செஞ்சி போகிற பஸ்ஸில் எல்லாரும் ஒன்றாகத்தான் ஏறினோம். மத்தியான நேரம், கூட்டமில்லை. அந்த நாலு பேரும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அப்பா முன்பக்கம் இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, எனக்காகத் துண்டைப் பக்கத்தில் போட்டு இடம் பிடித்து வைத்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் நடுவில் ஒரு காலி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்த நாலு பேர் பார்க்க அவர் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வல்லம் வரும்வரை அந்த இடம் காலியாகவே இருந்தது.